ஊவாத் தோட்டங்களில் இடுப்புவலி: சில தவறான கருத்துகளின் வரலாறு

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் அங்கு மாண்டவர்களைப் பற்றி ஓரளவு எழுதியுள்ளனர். நோவோடு வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. வாந்திபேதி, அம்மை, வயிற்றுளைவு, கொழுக்கிப்புழு நோய் ஆகியன ஆட்களைக் கொன்றன, அல்லது வேலைக்கு உதவாதவராக்கின. ஆகவே அவை அரசாங்க அறிக்கைகளில் இடம்பெற்றன. இடுப்புவலி எவரையும் கொன்றதில்லை. அது எந்தப் பேரேட்டிலும் ஏறாமல், லயத்துக் காம்பராவின் திண்ணையிலே தங்கிவிட்டது. எழுதப்படாத நோய்க்கு வரலாறு இல்லை என்று கொள்வது தவறாகும். அதனைப் பற்றி மக்கள் கொண்ட எண்ணங்களுக்கும், துரைமாரும் வைத்தியர்களும் கொண்ட எண்ணங்களுக்கும் நீண்ட வரலாறுண்டு. அவ்வெண்ணங்களுட் பல பிழையானவை. அப்பிழைகள் எங்கிருந்து தோன்றின என்பது ஆராயத்தக்கது.

முதலிற் சொல்லை நோக்கலாம். யாழ்ப்பாணத்தார் உடலின் இப்பகுதியை ‘நாரி’ என்பர். நாரிப்பிடிப்பு, நாரியுழைவு என்பன அங்கு வழங்குஞ் சொற்கள். மலையகத்தில் வழங்குவது ‘இடுப்புவலி’. பிள்ளைப்பேற்று வலியையும் அதே சொல்லாற் குறிப்பதால், மருந்துச்சியிடம் ஒருத்தி இடுப்புவலி என்றால் அது எவ்வலி என்று மறுபடி வினவ வேண்டியிருக்கும். இவற்றைவிட ஆழமானது ‘இடுப்பொடிய வேலை செய்தல்’ என்னும் வழக்கு. உழைப்பின் கடுமையை உணர்த்த இதனினும் பொருத்தமான சொற்றொடர் அரிது. ஆயினும், முதுகு ஒடியக்கூடிய ஒரு கோல் என்ற எண்ணத்தையும் அது கூடவே விதைத்துவிடுகிறது. உண்மையில் முதுகெலும்பானது தடித்த தசைகளாலும் நாண்களாலும் பிணிக்கப்பட்ட உறுதியான அமைப்பு. குனிவதாலோ கூடை சுமப்பதாலோ அது ஒடிவதில்லை.

ஊவாவில் இவ்வேலை தொடங்கிய விதத்தையும் நினைவுகூர வேண்டும். பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளில் முதலில் நின்றது கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைநோய் கண்டறியப்பட்டது; அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை பரவிற்று. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையருகே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதம் 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. இவையனைத்தும் பாடநூல்களில் உள்ளவையே. அவை கூறாது விடுவது ஒன்றுண்டு. கோப்பிப் பழம் பருவத்திற் பறிக்கப்படுவது. பறித்த பின் தொழிலாளருட் பெரும்பாலோர் தமிழகத்திற்குத் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ சில நாட்களுக்கொருமுறை, ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே குடும்பங்கள் லயங்களிலே நிலைகொண்டன. பெண்கள் நிரந்தரக் கொழுந்துப் பறிப்பாளராயினர். ஒரே சரிவு, ஒரே நிரை, ஒரே அசைவு என்பன ஒரு வாழ்நாளுக்கு உரியவையாயின. பயிர் மாறியபோது உடலின் நாட்காட்டியும் மாறிற்று எனலாம்.

கூடையின் கயிற்றைத் தலையிலே மாட்டி, கூடையை முதுகிலே தொங்கவிட்டு, படங்கை இடுப்பிற் சுற்றிக் கட்டி, இரு கைகளாலும் பறிப்பதே நெடுங்காலம் நிலவிய முறை. ஆண்கள் கவ்வாத்து வெட்டினர், கான் வெட்டினர், முள்ளுக் குத்தினர். கவ்வாத்துக்காரன் குனிந்த நிலையிலேயே நாளைக் கழிப்பவன். ஆகவே ‘பாரமே நோவுக்குக் காரணம்’ என்ற முடிவுக்கு எவரும் எளிதில் வருவர். இதிற் பாதி உண்மையுண்டு. மீண்டும் மீண்டும் குனிதல், பாரந் தூக்குதல் ஆகியன நோவு தோன்றும் வாய்ப்பை அதிகரிக்கின்றன. ஆயினும் சுமையை மட்டும் குற்றவாளியாக்குவது போதாது. 1986இல் கென்யாவின் லுவோ, கிகுயுப் பெண்களை ஆராய்ந்தோர், உடல் நிறையில் ஐந்திலொரு பங்கு வரையான சுமையை அவர்கள் மேலதிகச் சக்தி செலவின்றியே சுமந்ததைக் கண்டு வியந்தனர். கிகுயுப் பெண்கள் சுமப்பது நெற்றிக் கயிற்றினால்; நம் கொழுந்துக் கூடையின் உறவுமுறை அது. சுமையின் எடையைவிட, அதனை எத்தனை மணிநேரம், எத்தகைய சரிவில், எத்துணை ஓய்வோடு, எத்தகைய மனநிலையிற் சுமக்கிறோம் என்பனவும் நோவை நிர்ணயிக்கின்றன. தூக்கமின்மை, கடன்கவலை, முன்னர் ஒருமுறை நோவு கண்டமை ஆகியன எல்லாம் கணக்கிற் சேர்பவை. மனநிலையும் சேரும் என்பதால் நோவு பொய்யென்றாகாது. இதனைப் பிற்பாடு காண்போம்.

தோட்டங்களில் ஆங்கில வைத்தியம் சட்டத்தின் வழியே நுழைந்தது. 1872இல் தோட்ட மாவட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. 1912இல் அது விரிவாகத் திருத்தியமைக்கப்பட்டது. அதன் நோக்கம் தொழிலாளரைப் பிழைக்க வைப்பது. பிழைத்தவரை வேலைக்கு அனுப்புவது. டிஸ்பென்சர் என்ற தோட்ட மருந்தாளர் இவ்விரு நோக்கங்களுக்கும் நடுவே நின்றார். காய்ச்சலை அளக்க அவரிடம் வெப்பமானி இருந்தது. இடுப்புவலியை அளக்க எதுவும் இருக்கவில்லை. இன்றைய பெருநகர வைத்தியசாலையிலும் இல்லை. பிரட்டுக் களத்திற்கு வராதவர் நோயாளியா, சோம்பேறியா என்பதே கேள்வியாகிவிட்ட இடத்தில், கண்ணுக்குத் தெரியாத நோவு எப்போதும் தோற்றது. இவ்வகைத் தவறு இதற்குமுன் வேறொரு நோயின் விடயத்திலும் நிகழ்ந்துள்ளது. கொழுக்கிப்புழுவால் இரத்தம் குன்றிச் சோர்ந்தவர்களைச் சோம்பேறிகள் என்றனர். 1916இல் றொக்பெலர் நிறுவனத்தின் புழு ஒழிப்பு முயற்சி மாத்தளையில் தொடங்கிய பின்னரே அச்சோம்பல் ஒரு நோய் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. இடுப்புவலிக்கு நுணுக்குக்காட்டியிற் காட்டத்தக்க புழு எதுவும் கிடைக்கவில்லை.

இச்சந்தேகம் ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. 1866இல் இலண்டன் சத்திரவைத்தியர் ஜோன் எரிக்சன், புகையிரத விபத்துகளிற் சிக்கியோருக்குத் தோன்றிய முதுகுநோவைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். ‘புகையிரத முதுகு’ எனப் பெயர்பெற்ற இந்நோய், நீதிமன்றங்களிலே நட்டஈட்டு வழக்குகளாகப் பெருகிற்று. உண்மை நோயா, பணத்துக்கான நடிப்பா என்று வைத்தியர்கள் இரு பிரிவாய் நின்று வாதிட்டனர். முதுகுநோவு வைத்தியத்தின் பொருளாக இருந்ததோடு வழக்கின் பொருளாகவும் ஆயிற்று. இலங்கையிலே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இல் இயற்றப்பட்டது. வேலையின்போது விபத்தினாற் காயமுற்றவருக்கு அது வழிவகுத்தது. மரத்திலிருந்து விழுந்தவன் நாளையும் நேரத்தையும் சொல்லலாம். முப்பதாண்டு கொழுந்து பறித்தவள் தன் விபத்து எத்தேதியில் நிகழ்ந்தது என்று கூறுவாள்?

அதே 1934இற்றான், பொஸ்டன் நகரில் மிக்ஸ்ரர், பார் என்னும் இரு சத்திரவைத்தியர்கள் முள்ளந்தண்டிடைத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாற் காலுக்குப் பரவும் வலி உண்டாகலாம் என்பதை நிறுவினர். அது பெருங் கண்டுபிடிப்பு. ஒரு சிறு பகுதி நோயாளருக்கு அது இன்றும் முற்றிலும் பொருந்தும். ஆயின் அடுத்த அரைநூற்றாண்டில் எல்லா இடுப்புவலிக்கும் அத்தட்டே காரணமெனக் கருதப்பட்டது. ‘தட்டு விலகிவிட்டது’, ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்ற வாக்கியங்கள் நகரத்து வைத்தியரிடமிருந்து லயங்கள்வரை வந்துசேர்ந்தன. இவ்விரண்டும் இன்று மிகப் பரவலான தவறான கருத்துகள். தட்டு, மேசையிலுள்ள கோப்பை போல் நழுவும் பொருளன்று; மேலும் கீழுமுள்ள எலும்புகளோடு இறுகப் பிணைந்தது. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலி சிறிதுமில்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம்பிடித்தபோது, பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு தட்டாவது புடைத்திருந்தது. எல்லாத் தட்டுகளும் செம்மையாக இருந்தோர் 36 வீதத்தினரே. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, வலியற்ற இருபது வயதினரிலும் 37 வீதத்தினருக்குத் ‘தேய்வு’ காணப்பட்டது. எண்பது வயதினரில் அது 96 வீதம். நரை, திரை போல இதுவும் வயதின் அடையாளம். அடகுக்கடையில் நகையை வைத்துவிட்டுப் பதுளையிலிருந்து படம் பிடிக்கச் செல்லும் குடும்பம், பெரும்பாலும் தன் வயதின் படத்தையே விலைகொடுத்து வாங்கி வருகிறது. படத்தைப் பார்த்த பின் நோவு கூடுவதும் உண்டு; ‘தேய்ந்துவிட்டது’ என்ற சொல் அச்சத்தைத் தந்து அசைவைக் குறைப்பதே இதற்குக் காரணம்.

ஓய்வு பற்றிய கருத்து இன்னும் பழையது. 1863இல் ஜோன் ஹில்ற்றன் என்பவர், ஓய்வே இயற்கையின் தலைசிறந்த வைத்தியர் என்ற கோட்பாட்டை நூலாக்கினார். எலும்பு முறிவுக்குப் பொருந்திய அக்கோட்பாடு முதுகுநோவுக்கும் நீட்டப்பட்டு, வாரக்கணக்கிற் பலகைப் படுக்கை விதிக்கப்பட்டது. 1947இல் றிச்சர்ட் ஆஷர் என்ற வைத்தியர் படுக்கையின் தீங்குகளைப் பற்றி எழுதிய போதிலும் வழக்கம் மாறவில்லை. 1986இல் அமெரிக்காவில் நடைபெற்ற ஆய்வில், இரண்டு நாள் படுக்குமாறு கூறப்பட்டோர் ஏழு நாள் படுக்குமாறு கூறப்பட்டோரைவிட 45 வீதம் குறைவான வேலைநாட்களை இழந்தனர்; ஏனைய விடயங்களில் வேறுபாடில்லை. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியரிடையே நடந்த ஆய்வு மேலும் தெளிவானது: படுக்கையிலிருந்தோரைவிடவும், விசேட அப்பியாசம் செய்தோரைவிடவும், நோவு அனுமதிக்கும் அளவிற்குத் தம் அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தோரே விரைந்து தேறினர்.

இவ்விடத்திலே ஊவாவை நினைவிற் கொள்வது அவசியமாகிறது. ‘படுக்காதே, நடமாடு’ என்று இன்றைய விஞ்ஞானம் கூறுகிறது. ‘படுக்காதே, மலைக்குப் போ’ என்று அன்றைய துரையும் கூறினான். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. தோட்டத்துப் பெண் முன்னதை நம்ப மறுப்பதற்கு அதுவே காரணம். ஆயினும் இரண்டிற்குமிடையே மலையளவு வேறுபாடுண்டு. ஹெல்சிங்கி ஊழியர் ‘நோவு அனுமதிக்கும் அளவிற்கு’ வேலை செய்தனர்; அளவைத் தீர்மானித்தது அவர்களது நோவு. தோட்டத்தில் அளவைத் தீர்மானிப்பது தராசு. குறித்த நிறையைப் பறியாதவருக்கு அரைப்பேர். ஓய்வு மருந்தன்று என்பது உண்மை; ஆனால் வேலையைத் தளர்த்த முடியாதவரிடம் அவ்வுண்மையை மட்டும் கூறுவது அரைகுறை வைத்தியமாகும்.

ஊவாவில் வழங்கும் வேறு இரு கருத்துகள் தனித்து நோக்கத்தக்கவை. முதலாவது, இடுப்புவலி சிறுநீரக நோயின் அறிகுறி என்பது. இவ்வச்சத்திற்கு ஊவாவில் ஓர் இடவாரியான காரணமுண்டு. பதுளை மாவட்டத்தின் வடக்கே, மகியங்கனையை அடுத்த கிராந்துருக்கோட்டைப் பகுதி, காரணந் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயாற் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. அங்கு வாடுவோர் பெரும்பாலும் உலர்வலய விவசாயிகள். செய்தி மட்டும் மலையேறி வந்துள்ளது. ஆனால் அந்நோய் தன் தொடக்கத்திற் பெரும்பாலும் வலியின்றியே வளர்வது. அதனைக் காட்டுவது இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையுமே. குனிந்து நிமிரும்போது கூடிக் குறையும் வலி பொதுவாகத் தசை, மூட்டுகளுக்குரியது. காய்ச்சலும் நடுக்கமும் சிறுநீர் எரிவும் சேருமாயின் அது வேறு கதை.

இரண்டாவது, பெண்களிடையே பரவியுள்ளது: கருத்தடைச் சத்திரசிகிச்சையும், பிள்ளைப்பேற்றின்போது முதுகில் ஏற்றப்படும் ஊசியும் நிரந்தர இடுப்புவலியைத் தருகின்றன என்பது. முதுகு ஊசி குறித்து நடந்த ஆய்வுகள், குத்திய இடத்திற் சில நாள் நோவு இருக்கலாமேயன்றி நீண்டகால இடுப்புவலிக்கு அது காரணமன்று என்றே காட்டின. இருப்பினும் இந்நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிடல் எளிதன்று. 1980இல் அரசாங்கம் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பண ஊக்குவிப்பை அறிமுகப்படுத்தியது; தோட்டங்களில் அச்சிகிச்சை பெற்றோர் விகிதம் ஏனைய பகுதிகளைவிட உயர்ந்து காணப்பட்டது. விளக்கம் போதாமல், தம் மொழியிற் பேசுவோரும் அருகிலில்லாமல் செய்யப்பட்ட ஒரு காரியத்தின் மேல் பின்வந்த நோவெல்லாம் ஏற்றப்படுவது இயல்பு. உடலைப் பற்றிய கூற்றாக அது பிழை; நடந்த முறை பற்றிய முறைப்பாடாக அது பிழையன்று.

சுதேச வைத்தியத்தை நோக்கின், சித்தமும் ஆயுள்வேதமும் இந்நோவை வாதத்தின்பாற் படுத்தின. லயத்தில் அது ‘வாய்வுப் பிடிப்பு’ ஆயிற்று. கிழங்கும் பருப்பும் உண்டதால் வாய்வு இடுப்பிற் பிடித்தது என்ற விளக்கத்திற்கு உடற்கூற்றியலில் இடமில்லை. எண்ணெய் தேய்த்தலும் ஒத்தடமுமோ ஓரளவு ஆறுதல் தருவன, அவை கைவிடத்தக்கவையல்ல. சுளுக்கு, முறிவு ஆகியவற்றிற்குத் தோட்டத்தார் அயற்கிராமத்துச் சிங்கள ‘கெடும் பிந்தும்’ வைத்தியரை நாடுவதுமுண்டு. இனப்பகை கூடிய காலங்களிலும் நோவு எல்லைகளைப் பெரிதாய் மதித்ததில்லை.

இத்தனை சிகிச்சைகளும் ‘கைகண்டவை’ எனப் பெயரெடுத்ததன் இரகசியம் எளியது. புதிதாய்த் தோன்றும் இடுப்புவலியிற் பெரும்பாலானது ஏறத்தாழ ஆறு வாரத்துள் தானாகவே வெகுவாகத் தணிகிறது. பின்னர் மீண்டும் வரவுங்கூடும். நோவு உச்சத்திலிருக்கும் நாளிலேயே மனிதர் மருந்தைத் தேடுவர். அதன்பின் தணிவது இயற்கை. கடைசியாய்த் தேய்த்த தைலத்திற்கோ, கடைசியாய்ப் போட்ட ஊசிக்கோ, கட்டிய நூலுக்கோ அப்புகழ் சேர்கிறது. மேல்நாட்டு வைத்தியமும் இதே புகழில் நெடுங்காலம் குளிர்காய்ந்தது. தோட்டத்து மருந்தகத்தின் அடையாளமாகிவிட்ட பரசிற்றமோல் குளிசையையே எடுத்துக்கொள்ளலாம். 2014இல் அவுஸ்திரேலியாவில் 1,600க்கு மேற்பட்ட நோயாளரிடம் நடந்த ஆய்வில், புதிய இடுப்புவலியிலிருந்து தேறும் காலத்தை அது வெற்றுக்குளிசையைவிடச் சிறிதும் குறைக்கவில்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கென வெளியிட்ட வழிகாட்டியில், இடுப்புப் பட்டி, இழுவைச் சிகிச்சை, அபின்சார் வலிநீக்கிகள் முதலியவற்றை வழக்கமாக அளித்தல் தவிர்க்கப்பட வேண்டியவற்றுட் சேர்ந்தன. நோய்பற்றிய விளக்கமளித்தல், அப்பியாசம், பிடித்துவிடுதல், உளவியல் துணை ஆகியன ஏற்கப்பட்டன. பாட்டி தேய்த்துவிட்ட எண்ணெய்க் கை, நகரத்தில் விலைகொடுத்து வாங்கிய பட்டியைவிட விஞ்ஞானத்துக்கு நெருங்கியதாக முடிந்தமை சுவையான திருப்பமே.

இடுப்புவலி பெரும்பாலும் அபாயமற்றது என்று கூறும்போதே, அபாயமானதைப் பிரித்தறிய வேண்டும். காலில் வலு குன்றுதல், தொடைகளின் உட்புறமும் மலவாயிலைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல் அல்லது கட்டுப்பாடின்றிக் கழிதல் ஆகியன தோன்றினால் அன்றே வைத்தியசாலையை அடைய வேண்டும். இரவிலும் தணியாத நோவோடு காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால் முள்ளந்தண்டுக் காசநோயை ஐயுற வேண்டும். 1779இல் பேர்சிவல் பொற் விவரித்த இந்நோய், நெருக்கமான லயங்களில் வாழ்வோர் மறக்கத்தக்கதன்று. பசறையிலோ லுணுகலையிலோ உள்ள மேற்கணக்கொன்றிலிருந்து பதுளை வைத்தியசாலைக்கு ஒருவரைக் கொண்டுசெல்வதில் உள்ள சிரமத்தை அறிந்தவர்கள், இவ்வறிகுறிகளை முன்கூட்டி அறிந்திருப்பதன் பெறுமதியை உணர்வர்.

1997இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம், முதுகுநோவுக்குப் படுத்துவிடாதீர் என்று தொலைக்காட்சி வழியே பெரும் பிரசாரம் நடத்தியது. மக்களின் எண்ணமும் வைத்தியர்களின் எண்ணமும் மாறின. நட்டஈட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. அதனை முன்மாதிரியாகக் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கு நோவுற்ற தொழிலாளிக்கு நட்டஈட்டுச் சட்டமும், மாற்றுவேலை கொடுக்க வேண்டிய கடப்பாடும் பின்னணியில் இருந்தன. ஊவாவில் துண்டுமுறை 1921இல் ஒழிந்தது. பெண்களுக்குச் சமசம்பளம் 1984இற் கிடைத்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் தனியார் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் ‘பேர்’ என்னும் கணக்கு மாறவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தபோது, பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையையும் பல தோட்டங்கள் உயர்த்தியதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. நோவுற்ற கிழமையில் ஒருத்திக்குக் கொடுக்கத்தக்க இலகுவேலை பிள்ளைக் காம்பராவிலோ, தேயிலை நாற்று மேடையிலோ உள்ள சில இடங்களே. அவற்றைப் பெறுவது நோவைப் பொறுத்ததாகவன்றிப் பெரும்பாலும் வேறு காரணங்களைப் பொறுத்ததாகவே இருந்து வருகிறது.